பத்தாயிரத்துக்குள்ள டாப் கேரியர்: சர்ஃப் போர்டும் சைக்கிளும் ஏத்த எது சரி?

தேங்காப்பட்டணம் அலை:
வணக்கம். வண்டி ஸ்விஃப்ட். கூரையில ரெயில் எதுவும் கெடையாது, மொட்டக் கூரை. ஏத்த வேண்டியது ரெண்டு வகை. எட்டடி சாஃப்ட் போர்டு ரெண்டு, ஒவ்வொண்ணும் ஆறேழு கிலோ வரும், கோவளத்துக்கும் வர்க்கலைக்கும் கொண்டு போக. அப்புறம் கியர் சைக்கிள் ரெண்டு, செங்கோட்டை – ஆரியங்காவு பக்கம் மிதிக்க. ரெண்டும் ஒரே நாள்ல போகாது. பட்ஜெட் 10,000 ரூபா. வெல்டிங் கடையில 5,000-க்கு கூடை மாதிரி செஞ்சு தாரேன்னு சொல்லுறாங்க. ஆன்லைன்ல ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’னு அலுமினியம் பார் 3,500-க்கு கெடக்குது. எத எடுக்கலாம்?

பட்டறை அண்ணாச்சி:
தம்பி, கேரியர் விலையைப் பார்க்கதுக்கு முன்ன கூரையைப் பாருங்க. வண்டியோட மேனுவல்ல கூரைச் சுமை எவ்வளவுன்னு ஒரு எண் இருக்கான்னு தேடுங்க. சின்ன வண்டிகளுக்கு அந்த எண் பெரும்பாலும் 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அதுல கேரியரோட எடையும் சேத்தி. இதத்தான் எல்லாரும் மறக்கிறாங்க.

வெல்டிங் கூடைக்கு கணக்குப் போட்டுப் பாருங்க. நாலடிக்கு மூணடி கூடை, கீழ ஒரு சுத்து, மேல ஒரு சுத்து: எட்டரை மீட்டர். நடுவுல அஞ்சு குறுக்குக் கம்பி: நாலரை மீட்டர். நிக்கிற குட்டைக் கால்கள் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல. மொத்தம் 14 மீட்டர். 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம்னா மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ. கூடை மட்டுமே 17 கிலோ ஆச்சு. கிளாம்ப், போல்ட் தனி. பட்டறையில 2 மி.மீ. குழாய் போட்டாங்கன்னா 20 கிலோவைத் தாண்டும். 50-ல மிச்சம் 30. ரெண்டு சைக்கிள் ஏத்துனா அங்கயே முடிஞ்சுது.

அதே நேரம் ஒரு சோடி அலுமினியம் பார் காலோட (கூரையில உக்காந்து பாரைத் தாங்குற பாகம்) சேத்து அஞ்சு கிலோதான் வரும். சைக்கிள் பிடிக்கிற தட்டு ஒண்ணுக்கு மூணரை, நாலு கிலோ. ரெண்டு தட்டு 8, ரெண்டு சைக்கிள் 30, பார் 5: மொத்தம் 43. 50-க்கு உள்ள நிக்கும். மூணாவது சைக்கிளை நெனைக்கவே வேண்டாம்.

வடசேரி டிங்கர்:
அண்ணாச்சி சொன்னது சரி. கூடுதலா ஒண்ணு. வெல்டிங் கடையில மொட்டக் கூரைக்கு கூடை வைக்கச் சொன்னா சிலர் கூரைத் தகரத்துலயே ஓட்டை போட்டு திருகு அடிச்சிருவாங்க. ஒருக்காலும் விடாதீங்க. கூரைத் தகரம் முக்கால் மி.மீ. கனம்கூட இருக்காது, திருகு அதுல பிடிக்காது. மழைத் தண்ணி இறங்கி உள் லைனிங் ஊறும். ஆறு மாசத்துல ஓட்டையைச் சுத்தித் துரு. பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டின்னா அது கூரை ஓரத்துலதான் மடிஞ்சு கிடக்கும். டிரில் பிட் அங்க போச்சுன்னா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

ஆரல்வாய் காத்து:
போலேரோ, பழைய ஆம்னி, அம்பாசடர் மாதிரி மழைத்தண்ணி வடியிற கட்டர் உள்ள வண்டிக்கு வெல்டிங் கேரியர் நல்லாவே வேலை செய்யும். நம்ம ஊர் டாக்சிக்காரங்க அம்புட்டு பேரும் அதத்தானே வச்சிருந்தாங்க.

பட்டறை அண்ணாச்சி:
செய்யும், மறுக்கல. கட்டர்னா அது உடம்போட வெல்டு பண்ணின விளிம்பு. கொக்கி அதுல நேரா உக்காரும். நாலு காலுக்குப் பதில் ஆறு கால் கொடுத்தா சுமை பிரியும். கொக்கிக்கும் கட்டருக்கும் நடுவுல 3 மி.மீ. ரப்பர் ஷீட் வைக்கணும். சைக்கிள் ட்யூபை வெட்டி வைப்பாங்க, அது ஒரு கோடையிலயே பொடிஞ்சு போகும். அப்புறம் இரும்பு இரும்பை உரசி கட்டர்ல பெயிண்ட் போய் துரு புடிக்கும். ஆனா கேட்டவர் வண்டி ஸ்விஃப்ட். கதவுக்கு மேல உள்ள சட்டத்தைத்தான் கொக்கி பிடிச்சாகணும். அந்தச் சட்டத்தோட வளைவு ஒவ்வொரு வண்டிக்கும் வேற. அதனாலதான் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ங்கிற வார்த்தையைக் கண்டா நான் அந்தப் பக்கத்தை மூடிருவேன்.

பொருந்தாத கொக்கி என்ன செய்யும்னா, முழு அகலத்துல உக்காராம ஒரு முனையில மட்டும் தாங்கும். இறுக்க இறுக்க அந்த இடத்துல தகரம் வளையும், கதவு ரப்பர் நசுங்கும், மழைக்கு உள்ள ஒழுகும். காலுக்கு அடியில உள்ள ரப்பரும் கூரை வளைவோட ஒட்டாம ஓரத்துல மட்டும் அழுத்தி பள்ளம் விழும்.

பார்ல மிச்சம் பிடிங்க, கால்ல மிச்சம் பிடிக்காதீங்க. பார்ங்கிறது வெறும் குழாய். காலும் கொக்கியும்தான் கேரியர்.

தேங்காப்பட்டணம் அலை:
அப்போ நல்ல கால் வாங்கணும்னா தூலே, யாக்கிமா மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகணுமா? மொட்டக் கூரைக்கு முழு செட்டு 25,000-ஐத் தாண்டுதே.

செங்கோட்டை மிதி:
புதுசா வாங்காதீங்க, பழசு பாருங்க. தூலேயில கால், பார், கிட்டுன்னு மூணு பாகம் தனித்தனியா வரும். காலும் பாரும் பல வண்டிக்குப் பொது. கிட்டு மட்டும்தான் வண்டிக்கு வண்டி மாறும்: கொக்கியும், கூரை வளைவுக்கு ஏத்த ரப்பர் பேடும். வண்டியை வித்தவங்க பழைய கேரியரைச் சும்மா வச்சிருப்பாங்க. திருவனந்தபுரம், கோயம்புத்தூர் பக்கம் விளம்பரம் தேடினா கிடைக்கும். காலும் பாரும் பழசா வாங்கிட்டு, உங்க மாடலுக்கும் வருஷத்துக்கும் உள்ள கிட்டை மட்டும் புதுசா எடுங்க. எந்தக் கிட்டுன்னு அந்தக் கம்பெனியோட பொருத்தப் பட்டியல்ல வண்டியைக் கொடுத்தா எண் வரும். பட்டியல்ல உங்க வண்டி இல்லேன்னா அதோட விட்டுடுங்க, கிட்டத்தட்ட ஒத்துப்போற எண்ணை வாங்காதீங்க.

பழசுல பாக்க வேண்டியது: இறுக்குற போல்ட்டோட மரை தேஞ்சிருக்கா, ரப்பர்ல வெடிப்பு இருக்கா, கொக்கி நிமிர்ந்திருக்கா, பூட்டுக்குச் சாவி இருக்கா. சாவி இல்லாத கால் பூட்டினபடியே நின்னுட்டா உடைச்சுதான் எடுக்கணும். பாரை ஒரு சமதரையில வச்சு உருட்டிப் பாருங்க, வளைஞ்சிருந்தா தெரியும்.

ஆரல்வாய் காத்து:
எனக்கு ஒரு கேள்வி. ரெண்டு போர்டும் சேந்து 14 கிலோ. அதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?

செங்கோட்டை மிதி:
நல்ல கேள்வி. போர்டுக்கு மட்டும்னா கேரியரே வேண்டாம். துணி உறை போட்ட ஃபோம் பேடு ரெண்டு கூரை மேல வச்சு, நாடாவை கதவு வழியா உள்ள விட்டு இறுக்குற மென்பேடு வருது. 2,000 – 3,000-க்குள்ள கிடைக்கும். கவனிக்க வேண்டியது: நாடா கதவு வழியா போகணும், ஜன்னல் வழியா இல்ல. ஜன்னல் வழியா விட்டா நாலு கதவும் திறக்காது. மழையில நாடா வழியா தண்ணி உள்ள ஏறும். அதுக்கு உள்ள இருக்கிற நாடாவை தொங்கலா ஒரு வளைவு விட்டா தண்ணி அங்க சொட்டும், சீட்டுல ஒழுகாது. கீழ ஒரு துண்டு போட்டுடுங்க.

சைக்கிளுக்கு மென்பேடு ஆகாது. அதை முதல்லயே மனசுல வச்சுக்கோங்க.

வடசேரி டிங்கர்:
பேடு வைக்கதுக்கு முன்ன கூரையைக் கழுவணும் மக்கா. கடற்கரையில மணல் பறந்து கூரை பூரா படிஞ்சிருக்கும். அதுமேல பேடை வச்சு இறுக்கி ஓட்டினா உப்புத்தாள் போட்டுத் தேச்ச கதிதான். கேரியர் காலுக்கும் இதே விதி. கால் உக்காரும் நாலு இடத்துலயும் பெயிண்ட் காக்கிற தெளிந்த ஃபிலிம் ஒரு துண்டு ஒட்டிட்டா பெயிண்ட் தப்பிக்கும்.

ஆரல்வாய் காத்து:
சரி, காத்தைப் பத்தி நான் சொல்லுறேன், பேருக்கு ஏத்த மாதிரி. போர்டு எடை 14 கிலோங்கிறது வண்டி நிக்கும்போது. ஓடும்போது கணக்கு வேற. 80 கி.மீ. வேகத்துல காத்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிலோ அழுத்தும். 100-ல 47. வேகத்தோட வர்க்கத்துல ஏறும். எட்டடி போர்டு பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர்.

இப்போ ஆனி, ஆடி மாசம் காவல்கிணறுல இருந்து முப்பந்தல் வழியா ஆரல்வாய்மொழி வாறீங்கன்னு வைங்க. மேக்கத்திக் காத்து கணவாய் வழியா நேரா மூஞ்சியில அடிக்கும், சும்மாவா அங்க அத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்கான்? நீங்க 80, காத்து 40: போர்டுக்கு அது 120. சதுர மீட்டருக்கு 68 கிலோ. போர்டு முனை கொஞ்சம் மேல நிமிர்ந்திருந்து அதுல பாதி தூக்கு விசையா மாறினாலே 30 கிலோவுக்கு மேல கூரையை விட்டு மேல இழுக்கும். நாடாவும் கொக்கியும் தாங்க வேண்டியது அந்த 30 கிலோவை. போர்டோட 14 கிலோவை மட்டும் நெனச்சுக் கட்டினா பத்தாது. செங்கோட்டை பக்கமும் ஆரியங்காவு கணவாய் காத்து இதே சீசன்ல இதே கதைதான். சைக்கிள் நிமித்தி வச்சிருந்தா பக்கக்காத்துக்கு வண்டி நகரும், ஸ்டீயரிங்ல தெரியும். இந்தச் சீசன்ல அந்த ரூட்டுல 60-க்கு மேல போகாதீங்க.

தேங்காப்பட்டணம் அலை:
போர்டை எப்பிடி வைக்கிறது? மேல்பக்கம் மேலயா கீழயா?

ஆரல்வாய் காத்து:
மேல்பக்கம் கீழ, ஃபின் (போர்டுக்கு அடியில உள்ள துடுப்பு) மேல. ஃபின் உள்ள வால்பக்கம் வண்டியோட முன்னால வரணும். அப்போ போர்டோட வளைவு காத்துல கீழ அமுங்குற மாதிரி இருக்கும், மேல தூக்காது. நாடா தளந்தாலும் ஃபின்ல மாட்டி போர்டு பின்னால வழுக்காது. ரெண்டு போர்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்க ஸ்விஃப்ட்ல இடம் காணாது, 22 இஞ்சு போர்டு ரெண்டு 112 செ.மீ. ஆயிடும். அடுக்கித்தான் வைக்கணும். நடுவுல ஒரு பழைய யோகா பாய் மடிச்சு வைங்க. கீழ உள்ள போர்டு ஃபின் கழட்டி எடுக்கிறதா இருந்தா கழட்டிடுங்க.

பாரோ பேடோ, முன்னதுக்கும் பின்னதுக்கும் இடைவெளி 75 – 80 செ.மீ. இருக்கட்டும். பொருளோட நீளத்துல மூணுல ஒரு பங்காவது இருக்கணும், அதுக்குக் குறைஞ்சா முனை ஆடும். எட்டடிக்கு 80 சரியா வரும்.

செங்கோட்டை மிதி:
நாடா விஷயத்துல ஒரு வார்த்தை. 25 மி.மீ. அகல பாலியெஸ்டர் நாடா, கேம் பக்கிள். நைலான் நனைஞ்சா நீளும், பாதி வழியில தளர்ந்து போகும்.

பட்டறை அண்ணாச்சி:
ராட்செட் போடலாமே? லாரிக்காரங்க எல்லாம் அதானே. கேம் பக்கிள் கையால இழுக்கிறது, இறுக்கம் எங்க வரும்?

செங்கோட்டை மிதி:
அண்ணாச்சி, லாரிச் சுமைக்கு ராட்செட் சரி. சாஃப்ட் போர்டு உள்ள ஃபோம். ராட்செட் கைப்பிடியை ரெண்டு தட்டு கூடுதலா தட்டினா ஓரத்துல நாடா அச்சு பதிஞ்சு உடைஞ்சு போகும். கையால இழுத்துக் கிடைக்கிற இறுக்கம் போர்டுக்குப் போதும். சைக்கிள் தட்டுக்கும் ராட்செட் வேண்டாம், அதுக்கு அதோட பட்டையே வரும்.

பட்டறை அண்ணாச்சி:
சரிதான், ஃபோம்க்கு ஒத்துக்கிடுறேன். கால்பந்து கோல் போஸ்ட் குழாய் மாதிரி இரும்புச் சாமான் ஏத்துனா நான் ராட்செட்தான் போடுவேன்.

வடசேரி டிங்கர்:
அந்த ரப்பர் கொக்கிக் கயிறு மட்டும் எதுக்கும் வேண்டாம். காத்து தூக்கும்போது அதுவும் கூட நீளும், அதுக்கு அப்புறம் அது கட்டினதும் கட்டாததும் ஒண்ணுதான்.

ஆரல்வாய் காத்து:
நாடாவை பாருக்கும் போர்டுக்கும் நடுவுல தட்டையா விடாம ஒரு முறுக்கு விடுங்க. இல்லேன்னா 50-ஐத் தாண்டினதும் அது அதிர்ந்து உறுமும், உள்ள பேச முடியாது. வெறும் பாரும் விசில் அடிக்கும். ஒரு கயிறை பாரைச் சுத்தி சுருள் சுருளா சுத்திட்டா அடங்கும்.

பாறசாலை பக்கத்துல:
களியக்காவிளையைத் தாண்டுற எல்லாருக்கும் ஒரு குறிப்பு. கேரளத்துல மோட்டார் வாகனத் துறை வண்டி மாற்றத்துல கண்டிப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, வண்டியை உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துல இருந்து மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுலதான் உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லிச்சு. அதனால கழட்டி மாட்டக் கூடிய கேரியரா இருக்கட்டும், வெல்டு பண்ணி நிரந்தரமா நிறுத்தாதீங்க. வேலை முடிஞ்சா கழட்டி வீட்டுல வைங்க, மைலேஜும் மிச்சம்.

அதைவிடப் பெரிய அடி அதே சட்டத்தோட 194(1ஏ) பிரிவு. சுமை வண்டியோட பக்கவாட்டு உடம்பைத் தாண்டி நீட்டினாலோ, முன்னால, பின்னால, உயரத்துல அனுமதிச்ச அளவை மீறினாலோ சட்டத்துல போட்டிருக்கிற அபராதம் 20,000 ரூபா, சுமையை இறக்கவும் வைப்பாங்க. உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு மடங்கு. பார் முனையும் சைக்கிள் ஹேண்டிலும் வண்டி அகலத்துக்கு உள்ள நிக்குதான்னு பாருங்க. எட்டடி போர்டு ஸ்விஃப்ட் நீளத்துக்குள்ள அடங்கும், அது பிரச்சினை இல்ல.

தேங்காப்பட்டணம் அலை:
அப்போ சைக்கிளுக்கு டிக்கிக் கதவுல தொங்கவிடுற பின்கேரியர்? அது 5,000-க்குள்ள வருதே.

பாறசாலை பக்கத்துல:
நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையும். 2023 ஜூன்ல இருந்து கேரளத்துல ரோடு பூரா கேமரா. பிளேட்டு மறைஞ்ச வண்டியைப் போலீஸ் கைகாட்டி நிறுத்தாம விடாது.

வடசேரி டிங்கர்:
கொக்கி மாட்டுற டிக்கிக் கதவு ஓரம் மெல்லிசுத் தகரம். மேல கண்ணாடிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தா அது முதல்ல போகும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் 30 கிலோ குதிக்கும்.

செங்கோட்டை மிதி:
நான் வேற ஒண்ணு சொல்லுவேன், கோபப்படாதீங்க. ரெண்டு பேர்தான் போறீங்கன்னா சைக்கிளுக்குக் கேரியரே வாங்காதீங்க. பின்சீட்டை மடிச்சு, ரெண்டு சக்கரத்தையும் கழட்டி, சீட்டை இறக்கி, ரெண்டு ஃப்ரேமையும் நடுவுல போர்வை வச்சு உள்ள படுக்க வைக்கலாம். டிரெயிலியர் (பின்னால கியர் மாத்துற பாகம்) உள்ள பக்கம் மேல வரட்டும், இல்லேன்னா அதைத் தாங்குற ஹேங்கர் வளையும். டிஸ்க் பிரேக்னா சக்கரம் கழட்டினதும் காலிபர்ல ஒரு அட்டைத் துண்டு செருகுங்க. தெரியாம லிவரை அமுக்கினா பேடு ரெண்டும் ஒட்டிக்கும். செலவு சுழியம். மூணாவது ஆள் வந்தாத்தான் கூரைக்குப் போகணும்.

கூரையில வைக்கிறதா இருந்தா: ஃப்ரேமைப் பிடிக்கிற தட்டு இரும்பு, அலுமினிய சைக்கிளுக்குச் சரி, கார்பன் ஃப்ரேமுக்கு ஆகாது, நசுக்கிரும். முன்சக்கரம் கழட்டி ஃபோர்க்கைப் பிடிக்கிற வகை உயரம் குறைவு, ஆனா உங்க ஆக்சில் குயிக் ரிலீஸா, 12 மி.மீ.யா, 15 மி.மீ.யான்னு பாத்து வாங்கணும். ரெண்டு சைக்கிளையும் ஒண்ணு முன்னப் பாத்தும் ஒண்ணு பின்னப் பாத்தும் வச்சா ஹேண்டில் முட்டாது. முழு சைக்கிளா நிறுத்தினா மொத்த உயரம் 2.6 மீட்டர் தாண்டும். வீட்டு போர்ட்டிகோ, ரயில்வே சுரங்கப்பாதை முன்னால நிக்கிற உயரத் தடுப்பு, ரெண்டையும் டேப் பிடிச்சு அளந்து, அந்த எண்ணை ஒரு சீட்டுல எழுதி டேஷ்போர்டுல ஒட்டுங்க. வீட்டுக்கு வந்து சேந்த மயக்கத்துல போர்ட்டிகோவுக்குள்ள ஓட்டுறதுதான் கூரைச் சைக்கிளுக்கு வாற பெரிய சாவு.

ஆரல்வாய் காத்து:
ரெனோ டிரைபர் மாதிரி வண்டியில இருக்கிற ரெயில்ல நேரா பார் மாட்டலாமா? வேற ஒருத்தருக்காகக் கேக்குறேன்.

பட்டறை அண்ணாச்சி:
டிரைபர் ரெயிலுக்கு 50 கிலோன்னு கம்பெனியே சொல்லியிருக்கு, மாட்டலாம். மத்த வண்டியில கவனம். நெறைய ரெயில் வெறும் அலங்காரம். இரட்டைப்பக்க டேப்பும் பிளாஸ்டிக் கிளிப்பும்தான் பிடிச்சிருக்கும். ரெயில் முனை மூடியைத் திறந்து பாருங்க, உலோகத்துல போல்ட் இறங்கியிருக்கணும். மேனுவல்ல எடை எண்ணும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா அதுல துணிகூட காயப் போடாதீங்க.

மாட்டுற முறையும் சொல்லிடுறேன், மொட்டக் கூரைக்கும் இதே. நாலு காலையும் முதல்ல லேசா இறுக்குங்க. அப்புறம் இடது, வலது மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா. ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிட்டு மறுபக்கம் போனா பார் ஒருபக்கம் இழுத்துக்கும். எவ்வளவு இறுக்கணும்னு காலுலயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 4 – 6 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லேன்னா 10 செ.மீ. நீள எல் கீ முனையில அஞ்சு கிலோ அழுத்தம்னா ஏறக்குறைய அஞ்சு வரும். முடிஞ்சதும் பாரைப் பிடிச்சு பலமா ஆட்டுங்க. வண்டி முழுசும் ஆடணும். பார் மட்டும் ஆடினா திரும்ப முதல்ல இருந்து. 50 கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி இன்னொரு தடவை பாருங்க, ரப்பர் அமுங்கி தளந்திருக்கும்.

கடலோரம்னா போல்ட் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 போடுங்க. அலுமினியத்துல எஸ்.எஸ். போல்ட் நேரா இறங்கினா உப்புக்காத்துல ரெண்டும் கடிச்சுப் பிடிச்சுக்கும், அதனால மரையில கொஞ்சம் கிரீஸ் தடவணும்.

தேங்காப்பட்டணம் அலை:
முடிவு பண்ணிட்டேன். போர்டுக்கு இப்போ மென்பேடு. சைக்கிள் தற்சமயம் உள்ள. பழைய கால் கிடைச்சா அப்புறம் பார்ப்போம். கடைசியா ஒண்ணு: போர்டு முனையை பம்பர்ல கட்டணும்னு சொல்லுறாங்களே, ஸ்விஃப்ட்ல முன்னால கட்ட இடமே தெரியலையே?

வடசேரி டிங்கர்:
பம்பர்ல கட்டாதீங்க, பிளாஸ்டிக். பானெட்டைத் திறந்தா ரெண்டு பக்கமும் ஃபெண்டரைப் பிடிக்கிற போல்ட் வரிசையா இருக்கும். ஒரு சாண் நாடாவை மடிச்சு, முனையைச் சூட்டுக் கம்பியால துளைச்சு, வாஷர் வச்சு அந்தப் போல்ட்ல இறுக்குங்க. தேவைப்படும்போது நாடா வளையத்தை வெளிய எடுத்துவிட்டு பானெட்டை மூடிடலாம், வேண்டாதப்போ உள்ள மடிச்சு வைக்கலாம். ரெண்டு வளையத்துல இருந்தும் போர்டு முன்முனைக்கு ‘வி’ மாதிரி கயிறு. இறுக்கி இழுக்க வேண்டாம், தொய்வு எடுத்தாப் போதும். இது போர்டைக் கீழ அமுக்கறதுக்கு இல்ல, நாடா ஒண்ணு அறுந்தா முனை எழும்பாம இருக்கிறதுக்கு. பின்னால டிக்கிப் பூட்டுக்குக் கீழ இழுவைக் கொக்கி இருக்கும், அதுல ஒரு கயிறு.

தேங்காப்பட்டணம் அலை:
பேடு உப்புத்தண்ணியில நனைஞ்சா?

ஆரல்வாய் காத்து:
உறையைக் கழட்டி நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப் போடுங்க. பக்கிளையும் சேத்து அலசுங்க, உள்ள இருக்கிற ஸ்பிரிங் இரும்பு. போர்டு மெழுகு பேடுல ஒட்டியிருந்தா வெயில்ல உருகி கூரைக்கு எறங்கும், அதை முதல்ல சுரண்டிடுங்க.